தொடைக் கட்டி: கத்தி வைக்கும் முன் எம்.ஆர்.ஐ.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. தொடையில் ஆறு மாதமாக ஒரு கட்டி வளர்ந்து எலுமிச்சை அளவைத் தாண்டிவிட்டது. வலி இல்லை. கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்கிறார் ஊர் டாக்டர். மென்திசுப் புற்றுநோய் வந்தால் வளரும் நாடுகளில் பிழைப்பது அரிது என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தேனி

பதில்: டாக்டர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் சார்க்கோமா எனும் இந்த வகை சுமார் 1 சதவீதம்தான். ஆனால் வளரும் கட்டி, 5 செ.மீ.யைத் தாண்டிய கட்டி, தசைக்குள் ஆழமாக இருக்கும் கட்டி, இவற்றில் எதுவானாலும் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள். வலி இல்லாததை நம்பாதீர்கள். சார்க்கோமா பெரும்பாலும் வலிக்காமல்தான் வளரும்.

நீங்கள் படித்தது பாதி உண்மை. உகாண்டா, மலாவி போன்ற நாடுகளில் எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வரும் கபோசி சார்க்கோமா என்ற வேறு வகை அதிகம். அந்தக் கணக்கு உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில்கூட, தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது பிடிபட்டால் ஐந்தில் நால்வர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் ஆறில் ஒருவர்தான். நம் பக்கம் பிழைப்பவர்கள் குறைய ஒரு காரணம் இந்தத் தாமதம்: எண்ணெய் தடவி, பற்றுப் போட்டு, பிந்தி வருகிறவர்கள் அதிகம்.

இன்னொரு காரணம் முதல் அறுவை. கொழுப்புக் கட்டி என்று நினைத்துத் தொடையின் குறுக்கே கீறி, துண்டு துண்டாக எடுத்து, பயாப்சிக்கு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் திசுச் சோதனைக்கு, அனுப்பாமல் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சில மாதத்தில் அதே தழும்பில் மீண்டும் வளரும். அப்போது முதல் கத்தி பட்ட இடம் முழுவதையும் வெட்டியெடுக்க வேண்டும். குறுக்குக் கீறல் என்றால் இழக்கும் தோலும் தசையும் இன்னும் அதிகம்.

எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம் வந்தால் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதை, பின்னால் அறுவை செய்யப்போகும் புற்றுநோய் நிபுணரே சொல்லட்டும். சார்க்கோமா என்று உறுதியானால் நுரையீரலுக்கு ஒரு சி.டி. எடுப்பார்கள், முதலில் பரவுவது பெரும்பாலும் அங்கேதான். உடனே காலை எடுத்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். காலைக் காப்பாற்றிச் செய்யும் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் உயிர்பிழைப்பு குறைவதில்லை என்று 1982-இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது.

வெறும் கொழுப்புக் கட்டியே ஆனாலும் எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையோடு, திசுவை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.