ஏழாம் மாதத்தில் மெஷின் மிதிக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. ஊர் பள்ளத்தூர் பக்கம். மூத்தவளுக்கு நாலு வயது. இப்போது இரண்டாவது, 28 வாரம் நடக்கிறது. முதல் பிரசவம் ஆபரேஷன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். நான் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன், காலால் மிதிக்கிற மெஷின்தான். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. மிதித்தால் பழைய தையல் பிரிந்துவிடும், பிள்ளை இறங்கிவிடும் என்று அயித்தை தினமும் சொல்கிறார்கள். மாசமாக இருப்பவள் கத்தரி பிடித்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துபோகும், நூல் சுற்றினால் கொடி சுற்றிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு ஆச்சியும் பயமுறுத்துகிறார்கள். சாயங்காலம் ஆனால் இடுப்பு விட்டுப்போகிறது. ராத்திரியில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. பிறக்கிற பிள்ளைக்கு நானே சட்டை தைக்கவும் ஆசை. தைக்கலாமா, விட்டுவிடவா?

பதில்: தைக்கலாம் அம்மா. நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கத்தான் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு விஷயம் பாருங்கள். நஞ்சு, அதாவது பிளாசென்டா, எங்கே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். கீழே இறங்கியிருக்கிறது என்று இருந்தால், அதுவும் முதல் பிரசவம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, நஞ்சு பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தே ஆக வேண்டும். அப்படி இருந்தாலோ, இரத்தக் கசிவு இருந்தாலோ, பிரஷர் ஏறியிருந்தாலோ, கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டிருந்தாலோ மெஷினைத் துணி போட்டு மூடிவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

மிதிக்கும்போது வேலை செய்வது கணுக்காலும் கெண்டைக்காலும்தான். கர்ப்பப்பையில் இருக்கும் பழைய தழும்பை அது இழுப்பதில்லை. தழும்பு விட்டுக்கொடுப்பது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் பிரசவ வலி எடுத்த பிறகு நடப்பது. ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு அப்படி ஆகிறது. அதனால்தான் உங்கள் பிரசவம் ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்கிறோம். மிதிப்பதால் பிள்ளை இறங்குவதும் இல்லை. உண்மையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைவிட கணுக்கால் அசைவது காலில் இரத்தம் தேங்காமல் இருக்கக் கொஞ்சம் உதவும்.

உதட்டு விஷயத்தில் உங்கள் மனசில் இருக்கும் பயம் இன்றோடு போகட்டும். பிள்ளையின் மேலுதடு இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேர்வது கருவின் நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் அதற்கு அடுத்த சில வாரங்களில் கூடிவிடும். நீங்கள் 28-ஆம் வாரத்தில் கத்தரி பிடிக்கிறீர்கள். சேர வேண்டியதெல்லாம் எப்போதோ சேர்ந்தாயிற்று. பிளவுக்குக் காரணம் பரம்பரை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புகை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் போன்றவை. கொடி சுற்றுவதும் நூல்கண்டால் வருவதில்லை, பிள்ளை உள்ளே நீந்தித் திரும்புவதால் வருவது. நூறு பிள்ளைகள் பிறந்தால் இருபது, முப்பது பிள்ளைகளின் கழுத்தில் கொடி ஒரு சுற்றாவது இருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்து விட்டுவிடுவோம், அவ்வளவுதான்.

ஆச்சியோடு இதற்காக வாதாட வேண்டாம். கிரகணத்தன்று ஊசி எடுக்காதே என்று அவர்கள் சொன்னால் எடுக்காதீர்கள், ஒரு வேளை ஓய்வு கிடைத்ததாக இருக்கட்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் மாத்திரையையும் மட்டும் எந்தக் கிரகணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெளிச்சத்துக்காக முற்றத்தை ஒட்டி, வளவுத் தூணோரமாக மெஷினைப் போட்டிருப்பார்கள். கழிப்பறையோ வீட்டின் கடைசிப் பகுதியையும் தாண்டிக் கொல்லைப்புறத்தில் இருக்கும். தைக்க உட்கார்ந்த பெண், 'இந்தக் கை ஒன்றைப் பொருத்திவிட்டுப் போவோம்' என்று அடக்குவாள். எழுந்து அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வாள். என்னிடம் வரும் தையல் பெண்களிடம் முதலில் நான் கேட்பது, இன்று காலையிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனீர்கள் என்பதுதான். 'ரெண்டு தடவை டாக்டரம்மா' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். மாசமாக இருக்கும்போது நீர்த்தாரையில் கிருமி தொற்றுவது சுலபம். தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குளிர் காய்ச்சல் வரும், குறைமாதத்தில் வலி எடுக்கவும் அது காரணமாகலாம். நீர்க்கடுப்பு, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிற்று வலி இருந்தால் இளநீர் குடித்துச் சமாளிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வாருங்கள். மெஷின் மேசையில் ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஒரு ஜாக்கெட்டின் முதுகும் முன்பக்கமும் மூட்டி முடித்தால் ஒரு நடை. அந்த நடையே இடுப்புக்கும் மருந்து. நிலைப்படிகள் உயரம் என்பதால் பார்த்துத் தாண்டுங்கள். வயிறு பெருத்த பிறகு சொந்தக் காலடி கண்ணுக்குத் தெரியாது. முற்றத்துச் சாரல் பட்ட ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கவும் செய்யும்.

இடுப்பு வலிக்கு மிதியைவிடக் கத்தரிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தரையில் துணியை விரித்து, ஒரு முழங்கால் மடக்கி, வயிற்றை அமுக்கிக் குனிந்துதானே வெட்டுகிறீர்கள்? அதை இன்றோடு விடுங்கள். சாப்பாட்டு மேசையோ உயரமான திண்ணையோ, நின்றபடி இடுப்பு மட்டத்தில் வெட்ட எது வாகாக இருக்கிறதோ அங்கே வெட்டுங்கள். மெஷினுக்கு முக்காலி வேண்டாம், முதுகு சாயும் நாற்காலி போடுங்கள். இடுப்பு வளைவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். வயிறு மேசையில் முட்டாத அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தால் கை எட்டவில்லையா? அந்த நாள் வந்துவிட்டால் மெஷினுக்குப் பிரசவம் வரை விடுமுறை. மோட்டார் பொருத்திக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பொருத்தலாம், எர்த் சரியாக இருக்க வேண்டும், ஈரக் கையோடு தொடக் கூடாது.

ஒரே மூச்சில் நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரம் போதும். இந்த நேரத்துக்குள் எத்தனை ஜாக்கெட் முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டு, மிச்சத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் சொன்னால்தான் அவர்களுக்குக் கோபம் வரும். ஃபால்ஸ் அடிப்பது, கொக்கி வைப்பது, ஹெம்மிங் எல்லாம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை. அந்த வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் விரல் மரத்துப்போவதைப் பற்றி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்தான் மரக்கிறது, சுண்டுவிரல் சரியாக இருக்கிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. கர்ப்பத்தில் உடம்பில் சேரும் நீர் அந்தக் குறுகிய வழியில் நரம்பை நெருக்கும், கத்தரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டை மருந்துக்கடைகளில் கிடைக்கும், அதைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். தடித்த துணியை வெட்டுவதைக் குறையுங்கள். பெரும்பாலும் பிரசவமாகிச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். கையில் பிடித்த பொருள் நழுவி விழும் அளவுக்குப் பலம் குறைந்தால் உடனே காட்ட வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நேற்று வரை சுலபமாக ஊசியில் நூல் கோத்தவர் இன்று கோக்க முடியாமல் திணறினால், கண் முன்னால் பூச்சி பறப்பது போலவோ மங்கலாகவோ தெரிந்தால், சாயங்கால வெளிச்சம் போதவில்லை என்று விளக்கை மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள். அது பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். விடாத தலைவலி, முகமும் கையும் திடீரென்று வீங்கி மோதிரம் கழலாமல் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தாலும் அப்படித்தான், அது இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, பிள்ளை அசைவு குறைவது எதுவாக இருந்தாலும் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மெஷின் ஓடும்போது பிள்ளை துடிப்பது கவனத்துக்கு வராது. ஆகவே தினமும் ஒரு நேரம் வேலையை வைத்துவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே பத்து வந்துவிடும்.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குக் கீழே இருக்க வேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் சுடப்போகிற வீடு என்பதால் இதைக் கேட்கிறேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தாலும் இடுப்பும் காலும் இப்படித்தான் ஓயும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். ஊசி குத்துவது தையல்காரர்களுக்குச் சகஜம், ஆகவே தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். முதல் பிரசவத்தில் போட்ட டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டதால் இந்த முறை நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும்.

மூத்தவளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் அதிக யோசனை. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு இருமல் போதும், ஊசி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அம்மா செய்வதைப் பார்த்துப் பிள்ளையும் வாயில் வைக்கும். அடுத்தது மெஷின் எண்ணெய். சின்னப் பாட்டிலில் தண்ணீர் மாதிரி இருக்கும், பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. எண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலில் ஏறுவதுதான் ஆபத்து. பாட்டிலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய், கத்தரி, பொத்தான் டப்பா எல்லாம் பீரோவுக்கு மேலே போகட்டும்.

அவளை விரட்டாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் சின்ன வயதில் போட்ட கவுனைப் பிரித்து அதிலேயே பாப்பாவுக்கு ஒரு சட்டை தைக்கலாம். எந்தத் துணி என்று அவளே எடுத்துக் கொடுக்கட்டும். புதுத்துணி முன்கூட்டியே தைக்கக் கூடாது என்று அயித்தை சொன்னால் அதற்கும் இது ஒத்துப்போகும். நாலு வயதுப் பிள்ளைக்குத் தம்பியோ தங்கையோ வருகிறது என்பது இப்படித்தான் கையில் பிடிபடும்.

பாப்பாவுக்குத் தைப்பதென்றால் மெல்லிய பருத்தி, முன்பக்கம் திறந்து, பக்கத்தில் குட்டையாக முடிச்சுப் போடும் சட்டைதான் நல்லது. பொத்தான், மணி, ஜரிகை வேண்டாம். கழுத்தைச் சுற்றி நீளமான நாடா வைக்கவே வேண்டாம். மூட்டு வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்தால் தோல் உரசாது.

பழைய துணிக்குப் பெட்டியைத் திறப்பீர்கள், அதில்தான் நான் பயப்படும் ஒன்று இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் அப்பத்தா காலத்துக் கண்டாங்கிச் சேலையும் பழைய வேட்டியும் அந்துருண்டை போட்டு மடித்து வைத்திருப்பார்கள். தூளிக்கும் இடுப்புத் துணிக்கும் அதைவிட மெத்தென்ற துணி கிடையாது, உண்மைதான். ஆனால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த உருண்டையின் நாப்தலின் இரத்த அணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை கடுமையாக ஏறி மூளையையே பாதிக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய தோல் வழியாக அது இன்னும் சுலபமாக உள்ளே போகும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. எனவே பிள்ளை பிறப்பதற்கு முன்பே அந்தத் துணிகளை எடுத்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, முகர்ந்தால் வாசனை துளியும் இல்லாத வரை பல நாள் வெயிலில் உலர்த்துங்கள். வாசனை போகாத துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பிள்ளைக்கு வேண்டாம். துவைத்ததை மறுபடி உருண்டை போட்டு வைத்துவிடாதீர்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு, வளைகாப்பு, ஆளுக்கொரு கவனிப்பு என்று இருந்திருக்கும். இரண்டாவது என்றால் அவளுக்கென்ன, அனுபவசாலி என்று விட்டுவிடுகிறார்கள். பகலில் ஒரு மணி நேரம் நீங்கள் படுக்க வேண்டும், அந்த நேரம் மூத்தவளை அயித்தை பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் சொன்னதாகவே அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். உங்கள் மேல் அக்கறை இல்லாமலா தினமும் தையலை நிறுத்தச் சொல்கிறார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இரண்டு பிரசவம் வரை உண்டு. கிராம நர்ஸிடம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பணம் வந்தால் திருப்பிக் கொடுத்த ஆர்டருக்கும் ஓரளவு ஈடாகும்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது மறுபடி உட்காரலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். சுகப்பிரசவம் என்றால் உட்காரும்போது வலி இல்லாமல் போனதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். மறுபடி ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் கழித்து வந்து காட்டுங்கள், தழும்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.