தீயணைப்பு நீர் குளியலறைக்குப் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: சென்னைப் புறநகரில் 14 மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். வீடுகளை ஒப்படைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீடுகளுக்கும், தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் நிலத்தடியில் ஒரே தொட்டிதான். கோடையில் அது அடியோடு வற்றிவிடுகிறது. "தொட்டியின் கொள்ளளவு சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார் கட்டுநர். வழக்குப் போட முடியுமா?

பதில்: ஒரே தொட்டி என்பதற்காக வழக்கு நிற்காது. வீட்டுக் குழாய் தொட்டியில் எந்த மட்டத்திலிருந்து நீரை உறிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு காட்டும் முறைப்படி, நீர் முதலில் தீயணைப்புப் பகுதியை நிரப்ப வேண்டும். அது நிரம்பி வழிவதுதான் வீட்டு உபயோகப் பகுதிக்குப் போக வேண்டும். அப்படி அமைத்தால் தேங்கிய நீர் கெடாது, குடியிருப்போர் எவ்வளவு செலவழித்தாலும் தீயணைப்புக்கான இருப்பும் குறையாது. உங்கள் தொட்டி அடிவரை வற்றுகிறது என்றால் அந்த அமைப்பு இல்லை, அல்லது யாரோ மாற்றிவிட்டார்கள்.

கணக்கையும் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. நூறு வீடு, வீட்டுக்கு நால்வர் என்றால் 54,000 லிட்டர். கொள்ளளவு என்று கட்டுநர் சொல்லும் எண்ணில் இந்தத் தினசரித் தேவையும் தீயணைப்பு இருப்பும் தனித்தனியே இருக்கின்றனவா, அல்லது ஒரே நீரை இரண்டு முறை எண்ணியிருக்கிறாரா? என் அனுபவத்தில் தகராறு பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது.

விதித்தொகுப்பு தானாகவே கட்டுநரைக் கட்டுப்படுத்தாது. அனுமதி பெற்ற வரைபடமும் தீயணைப்புத் துறைச் சான்றின் நிபந்தனைகளும்தான் உங்கள் ஆதாரம். ரியல் எஸ்டேட் சட்டம் 2016, பிரிவு 17(2)-ன்படி வரைபடங்களைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பது அவர் கடமை. தர மறுத்தால், அனுமதி வழங்கிய அரசு அலுவலகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள்.

வரைபடத்துக்கும் தொட்டிக்கும் பொருந்தாவிட்டால் பிரிவு 14(3) உங்களுக்குக் கைகொடுக்கும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் குறையை, கட்டணமின்றி 30 நாளில் அவர் சரிசெய்ய வேண்டும். பொறியாளர் அறிக்கை, குழாய் மட்டத்தின் புகைப்படங்கள், சங்கத் தீர்மானம் ஆகியவற்றுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அசையவில்லையென்றால் பிரிவு 31-ன் கீழ் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம்.

ஆனால் குழாயை மாற்றியது உங்கள் சங்கமே என்றால் கதை வேறு. கட்டுநர் கைகழுவிவிடுவார். தீ விபத்தில் உயிர் போனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக சங்க நிர்வாகிகள் மீதே குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) பாயலாம். ஐந்து ஆண்டுவரை சிறை. எனவே அறிவிப்பு அனுப்பும் முன், பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டி, பிளம்பரையும் விசாரித்துவிடுங்கள்.