பெல் அடித்தால் பாய்கிறது, வெடி வெடித்தால் நடுங்குகிறது

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஒன்றரை வயது. காலிங் பெல் அடித்தாலே குரைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்கிறது, வருகிறவர்கள் மேல் தாவுகிறது. 'உட்கார்' என்றால் ஒரு நொடிதான். அதட்டினால் இன்னும் கூடுகிறது. - வாசகி, மதுரை

பதில்: அதட்டலும் அதற்கு ஒரு சத்தம்தான்; பரபரப்பைக் கூட்டவே செய்யும். 'உட்கார்' சொன்னால் உடம்பு உட்காரும், மனம் வாசலிலேயே நிற்கும். அமைதியைத் தனியாகப் பழக்க வேண்டும், அதுவும் பெல் அடிக்காத நேரத்தில்.

வாசலிலிருந்து பத்தடி தள்ளி, பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து விரியுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். நாய் விரிப்பில் படுத்ததும் ஒரு துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே வையுங்கள். கையால் ஊட்டினால் உங்கள் கையையே பார்த்தபடி விறைப்பாகக் காத்திருக்கும். முதலில் 2 நொடிக்கு ஒரு துண்டு, பிறகு 5, 10, 20. நடுநடுவே மறுபடி 3 நொடிக்கு இறங்குங்கள். இடைவெளி ஏறிக்கொண்டே போனால் சலித்து எழுந்துவிடும். ஒரு தடவைக்கு 3 நிமிடம் போதும். இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, தாடை தரையில் படிகிற நொடியில் வைக்கும் துண்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அது பழகியபின் பெல் சத்தத்தை மொபைலில் பதிவுசெய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிடுங்கள். சத்தம் முதலில், துண்டு அடுத்து. எழுந்துவிட்டால் ஒலி அதிகம் என்று பொருள், குறையுங்கள். அடுத்து தாழ்ப்பாளைத் தொடுவது, கதவைத் திறப்பது, வீட்டு ஆள் ஒருவர் உள்ளே வருவது. பலர் இந்தப் படிகளைத் தாண்டி நேரே விருந்தாளியிடம் போய்விடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. பழகும்வரை விருந்தாளி வந்தால் நாயை வேறு அறையில் விடுங்கள். தாவியதும் யாராவது தட்டிக்கொடுத்தால், தாவுவதுதான் பாடமாகும்.

கேள்வி: எங்கள் நாட்டு நாய் தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒளிந்து நடுங்குகிறது. கறி கொடுத்தாலும் தொடுவதில்லை. தடவிக்கொடுத்தால் பயம் வளருமாமே? - வாசகர், திருச்சி

பதில்: வளராது, தாராளமாகத் தடவுங்கள். பயம் ஓர் உணர்ச்சி, நீங்கள் ஊட்டி வளர்க்கும் பழக்கமல்ல. ஆனால் ஒளிந்திருப்பதை வெளியே இழுக்காதீர்கள். கறியைக்கூடத் தொடாத நாய் எதையும் கற்கும் நிலையில் இல்லை. அன்று பயிற்சியே வேண்டாம். உள்அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். வெடி தொடங்கும் முன்பே நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையோடு ஹார்னஸும் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) அவசியம். மிரண்ட நாய் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

நடுக்கம் இவ்வளவு கடுமை என்றால் ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்கமூட்டும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு துவளும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பயத்தையே குறைக்கும் மருந்தைக் கேளுங்கள். அதையும் மருத்துவர் சொல்லும் அளவில் ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மனிதருக்கான தூக்க மாத்திரை கூடவே கூடாது. முன்பெல்லாம் பயப்படாத நாய் நடுவயதில் திடீரென மிரளத் தொடங்கியிருந்தால், மூட்டுவலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.