ஓய்வுக்குப் பிறகு இச்சிரோ சுசுகி என்ன செய்கிறார்?

பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி தரும் ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், பெரிய ஆட்டக்காரர்தான். ஜப்பானில் 1994 முதல் 2000 வரை தொடர்ந்து 7 ஆண்டுகள் தன் லீக்கில் மிக உயர்ந்த பேட்டிங் சராசரிக்கான பட்டம் வாங்கினார். அப்புறம் அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் அணியில் ஆடினார். 2004இல் ஒரே சீசனில் 262 ஹிட் (பந்தை அடித்து ஓடி, ‘பேஸ்’ எனும் நிலையைப் பத்திரமாக எட்டுவது) அடித்து, 1920 முதல் நின்றிருந்த ஜார்ஜ் சிஸ்லரின் 257 ஹிட் சாதனையை முறியடித்தார். ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய எறிதான். மைதானத்தின் வலது வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்குப் பந்து அப்படியே நேர்கோட்டில் பறக்கும்.

2019 மார்ச்சில் டோக்கியோவில் ஓய்வு பெற்றார். ஜப்பானில் தொழில்முறை வீரராக இருந்தவர் நினைத்தவுடன் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி தர முடியாது. அதற்கென உள்ள வகுப்பில் படித்து, மாணவர் பேஸ்பால் சங்கத்தின் அனுமதி பெற வேண்டும். இச்சிரோவும் எல்லோரையும் போல உட்கார்ந்து படித்தார். 2020இல் அனுமதி கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே சிபென் வகயாமா பள்ளியில் 3 நாள் பயிற்சி தந்தார். வாயால் சொல்வதோடு விடாமல் மாணவர்களோடு தானும் ஓடி, எறிந்து, அடித்துக் காட்டினார். அடுத்த கோடையில் அந்தப் பள்ளி, ஜப்பானின் தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியான கோஷியன் பட்டத்தை வென்றது. வெற்றி அந்த மாணவர்களுடையது, சரி. ஆனாலும் அந்த 3 நாட்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பள்ளி மாணவிகளின் தேர்வு அணிக்கு எதிராகவும் 2021 முதல் ஆடுகிறார். தன் அணிக்குப் பந்து வீசுபவரும் அவரே.