ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு போவா பாம்புகளில் ஒன்று மட்டும் ஏன் சிறியதாக இருக்கிறது?

மூன்று வயதில் ஒன்று ஆறடி, இன்னொன்று நாலரை அடி என்கிறீர்கள். முதலில் பாலினத்தைப் பாருங்கள். போவாக்களில் பெண்தான் பெரிது. பொதுவாக வளர்க்கப்படும் மத்திய அமெரிக்க வகையில் ஆண் ஐந்தாறு அடியோடு நின்றுவிடும். பெண் ஏழு, எட்டு அடிவரை போகும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குப் பூர்வீகம் ஒன்றுதான், ஆனால் வேறு போவாக்களோடு ஒப்பிடும்போது அதுவும் முக்கியம். ஹோண்டுராஸை ஒட்டிய ஹாக் தீவுகளின் போவா இயல்பிலேயே குட்டையானது, அதற்கு எவ்வளவு தீனி போட்டாலும் தென் அமெரிக்கச் செவ்வால் போவா ஆகிவிடாது.

பிறக்கும்போது குட்டிகள் ஒன்றரை அடி இருக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மளமளவென்று வளரும், பிறகு வேகம் தணியும். அந்த ஆண்டுகளில் எவ்வளவு இரை, எத்தனை நாளுக்கொருமுறை, கூண்டில் போதிய வெப்பம் உண்டா என்பதெல்லாம் நீளத்தில் தெரியும். தொட்டியின் அளவுக்குத்தான் பாம்பு வளரும் என்பது வெறும் கட்டுக்கதை.

தயவுசெய்து சிறியதைப் பெரியதாக்க இரையைக் கூட்டாதீர்கள். அவசர வளர்ச்சி பெரும்பாலும் கொழுப்புதான். உடல் வளையும் இடத்தில் மடிப்பு விழுகிறதா, மலவாய்க்குப் பின்னால் வால் திடீரென ஒடுங்குகிறதா என்று பாருங்கள்; இரண்டும் இருந்தால் அது ஊதிப்போன பாம்பு. அதற்கு மாறாக முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தாலோ, இரையைக் கக்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உரித்த சட்டையை வைத்து அளந்தீர்களா? அது இழுபட்டு நீளும், நம்பாதீர்கள்.