முதல் காமிக்ஸுக்கு 45,000 ரூபாய்க் கருவி தேவையா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். குளச்சல் போரைக் கணினியிலேயே காமிக்ஸாக வரைந்து இணையத்தில் வெளியிட ஆசைப்படுகிறாள். நாகர்கோவிலில் ஒரு கடையில் விசாரித்தோம். திரையுள்ள வரைபலகைதான் சரிவரும், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மகனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. என்ன வாங்கலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: இப்போதைக்கு அந்தப் பலகை வேண்டாம். கணினியோடு இணைத்து வரையும், திரையில்லாத பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஹுயான், எக்ஸ்பி-பென், வாக்கம் (Wacom) என எந்த நிறுவனத்தின் ஆரம்பநிலை மாடலும் போதும். கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பதால் முதல் சில வாரங்கள் கோடு கோணலாகத்தான் போகும். பிறகு பழகிவிடும். பேனாவை அழுத்துவதை எத்தனை படிகளாக உணரும் என்பதை '8192 அழுத்த நிலைகள்' என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 4096 உள்ளதற்கும் அதற்கும் புதிதாக வரைபவரின் கைக்கு வித்தியாசமே தெரியாது. அதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பேட்டரி தேவைப்படாத பேனாவா, மாற்று முனைகள் உண்டா என்று பாருங்கள். முனை தேயும் பொருள். மடிக்கணினியையும் கடைக்கு எடுத்துச் சென்று, இணைத்து, நாலு கோடு இழுத்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள். செல்போனுக்கென்று விற்கும் ரப்பர் முனைப் பேனா அழுத்தத்தை உணராது. விரலால் வரைவதும் அதனால் வரைவதும் ஒன்றுதான்.

மடிக்கணினியில் நினைவகம் (ரேம்) எவ்வளவு என்பது முக்கியம். ஏ4 பக்கத்தை அச்சுத் தரமான 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திறந்தால் 2480-க்கு 3508 புள்ளிகள் வரும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்குகளில் (லேயர்) ஒரு வண்ண அடுக்கே சுமார் 35 எம்பி பிடிக்கும். இருபது அடுக்கு போட்டால் பழைய கணினி திணறும். வேலை முடிந்த அடுக்குகளை அவ்வப்போது ஒன்றாக இணைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

மென்பொருளுக்குப் பணமே வேண்டாம். கிரிட்டா முற்றிலும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மாதத் தவணையில் தரப்படும் மென்பொருள்களில் சில உண்மையில் ஓராண்டு ஒப்பந்தங்கள். இடையில் நிறுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள்.

எதை நிறுவினாலும் வரையத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வசனப் பெட்டியில் "கொடி ஏறியது, போர் ஓய்ந்தது" என்று தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறினால் அந்த மென்பொருளின் எழுத்துக் கருவி தமிழுக்கு உதவாது. பலர் முப்பது பக்கம் வரைந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் படத்தை மட்டும் அதில் வரைந்து, வசனத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் சேர்க்கலாம். கையெழுத்து நன்றாக இருந்தால் பேனாவாலேயே எழுதட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளம். 'ஒப்படைத்துவிடுகிறேன்' என்பது சின்ன வசனக் குமிழுக்குள் அடங்காது. முதலில் வசனம், அதைச் சுற்றிக் குமிழ், மிச்ச இடத்தில் படம் என்பதே சரியான வரிசை.

டிடிபி கடையில் பென்டிரைவில் ஏற்றித் தரும் எழுத்துருக்களை வாங்காதீர்கள். உரிமம் யாருடையது என்றே தெரியாது. முக்த மலர், கவிவனார், பலூ தம்பி ஆகியவை திறந்த உரிமம் கொண்ட யூனிகோடு எழுத்துருக்கள். விற்பனைக்கான புத்தகத்திலும் பயன்படுத்தலாம்.

1741-ஆம் ஆண்டுப் போரை முழுதாக வரைவது அனுபவசாலிகளையே களைப்பாக்கும். நான்கு பக்கம் போதும் என்று மகளிடம் சொல்லுங்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி அளித்தாரே, அந்த ஒரு திருப்பமே நான்கு பக்கத்துக்குத் தாங்கும். அவர் கல்லறை உங்களுக்குப் பக்கத்தில், புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. நேரில் போய்ப் படமெடுத்து அதைப் பார்த்து வரைந்தால், இணையத்தில் கிடைத்த பிறர் புகைப்படத்தை நகலெடுத்த வம்பும் இல்லை. அந்த நான்கு பக்கமும் முடிந்தபின் திரையுள்ள பலகை வேண்டுமா என்று அவளே சொல்லட்டும்.

கேள்வி: பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பேனா பழுதாக இருந்தால்?
– அதே வாசகி

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாட்களுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பெட்டி பிரிப்பதைச் செல்போனில் படமெடுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். இந்த அளவு தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வேறு மாநில விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.