கால்ப்ராக் போட்டேன், பதில் எங்கே போச்சு?

பைத்தானிலிருந்து ஸ்டோர்டு புரொசீஜரை, அதாவது டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்த நிரலை, கூப்பிடுவது பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் பழி புரொசீஜர் மேல் விழுகிறது. கோளாறு இருப்பதோ பைத்தானையும் டேட்டாபேஸையும் இணைத்து நடுவில் நிற்கும் டிரைவரில்.

கேள்வி: காரைக்குடியில் ஓர் அடகுக் கடைக்கு மென்பொருள் எழுதுகிறேன். மைஎஸ்க்யூஎல்லில் 'வட்டிபோடு' என்ற புரொசீஜர். கடன் எண், தேதி கொடுத்தால் மூன்றாவதான, விடையை வெளியே தரும் அவுட் பாராமீட்டரில் வட்டி வர வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் வொர்க்பெஞ்ச் கருவியில் ஓட்டினால் வருகிறது. பைமைஎஸ்க்யூஎல் டிரைவரில், புரொசீஜரைக் கூப்பிடும் கால்ப்ராக் போட்டால் நான் வைத்த சைபரே திரும்புகிறது.

பதில்: பைத்தான் டிரைவர்களுக்கான பொது விதி பெப் 249. கால்ப்ராக் கட்டாயம் என்று அது சொல்லவில்லை. வைத்திருந்தால், நீங்கள் கொடுத்த மதிப்புகளின் நகலில் அவுட் இடங்களை நிரப்பித் தர வேண்டும் என்கிறது. பைமைஎஸ்க்யூஎல் அந்தப் பாதியைச் செய்வதில்லை. கொடுத்ததையே திருப்பித் தந்துவிட்டு, விடையை சர்வரில் அந்த இணைப்புக்கான மாறியில் விட்டுவைக்கும். கால்ப்ராக்குக்குப் பிறகு 'செலக்ட் @_வட்டிபோடு_2' என்று ஓட்டி எடுங்கள். எண் சைபரில் தொடங்குவதால் மூன்றாவதற்கு 2. இதே புரொசீஜரை ஆரக்கிள் தரும் மைஎஸ்க்யூஎல் கனெக்டர் வழியாகக் கூப்பிட்டால், கால்ப்ராக் தரும் டியூப்பிளிலேயே வட்டி உட்கார்ந்திருக்கும். டிரைவரை மாற்றினால் இந்த வரியையும் மாற்ற வேண்டும் என்பதால், புரொசீஜர் அழைப்புகளை ஒரே கோப்பில் வைப்பதே என் பழக்கம்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன்: வட்டித் தொகையைத் தோராயமாக வைக்கும் டபுளில் வைக்காதீர்கள், துல்லியமாக வைக்கும் டெசிமலில் வையுங்கள். வட்டிச் சிட்டை பார்த்துப் பழகிய ஊரில் பத்துப் பைசா பிசகினாலும் கடை வாசலிலேயே பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. இருப்புக் கணக்குப் புரொசீஜரை மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் டிரைவர் வழியாக ஓட்டி, பூ டிசைன் பட்டியலை எடுத்துவிடுகிறேன். அதே இணைப்பில், கொரி அனுப்பி விடை வாங்கும் கர்சர் வேறொன்றைத் திறந்து அடுத்த கொரி போட்டால், 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்' என்று 2014 எண்ணில் பிழை.

பதில்: 2014 வருடம் இல்லை, பிழை எண்தான். கால் கட்டளை உங்கள் செலக்ட் பட்டியலோடு நிற்காது. கடைசியில் 'முடிந்தது' என்று சொல்லும் வெற்று முடிவு ஒன்றையும் அனுப்பும். அதையும் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த கொரியை அனுப்பக் கூடாது. அடுத்த முடிவுக்கு நகர்த்தும் நெக்ஸ்ட்செட், இனி இல்லை என்று 'நன்' தரும்வரை சுற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

கேள்வி: புரொசீஜரையே பைத்தானிலிருந்து உருவாக்கினால் 'டிலிமிட்டர்' வரியில் சின்டாக்ஸ் பிழை.

பதில்: அது சர்வருக்கான கட்டளை இல்லை, கமாண்ட்லைன் கருவிக்கானது. அந்த வரியை எடுத்துவிட்டு, கிரியேட் முதல் எண்ட் வரை ஒரே எக்ஸிகியூட்டில் அனுப்புங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், டிரைவர் சைகோபிஜி2. இரவுக் கணக்கு முடிக்கும் புரொசீஜரைக் கால்ப்ராக்கில் கூப்பிட்டால், 'கால்' பயன்படுத்தச் சொல்லித் திட்டுகிறது. அதன்படி செய்தால் வேறு பிழை.

பதில்: இரண்டும் தனித்தனி விவகாரம். போஸ்ட்கிரெஸில் புரொசீஜர் வந்ததே 2018இல், 11ஆம் பதிப்பில். அதற்கு முன்பு ஃபங்ஷன் மட்டும்தான். சைகோபிஜி2இன் கால்ப்ராக் ஃபங்ஷனுக்கென்று எழுதியது. உள்ளே 'செலக்ட் * ஃப்ரம்' என்றுதான் அனுப்பும். புரொசீஜர் அதற்கு மசியாது. எக்ஸிகியூட்டில் 'கால்' எழுதுவதுதான் வழி. சைகோபிஜி 3இல் கால்ப்ராக்கையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், இந்தக் குழப்பம் ஒழிந்தது.

இரண்டாவது பிழை 'இன்வாலிட் டிரான்சாக்ஷன் டெர்மினேஷன்' என்றால், உங்கள் புரொசீஜருக்குள், மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் இருக்கிறது. முதல் எக்ஸிகியூட்டிலேயே சைகோபிஜி2 சத்தமில்லாமல் ஒரு டிரான்சாக்ஷனை, அதாவது மொத்தமாக உறுதியாகும் அல்லது மொத்தமாக ரத்தாகும் வேலைத் தொகுதியை, தொடங்கிவிடும். வெளியே ஒன்று திறந்திருக்கும்போது உள்ளிருந்து கமிட் போட விடாது. அந்த இணைப்புக்கு மட்டும், ஒவ்வொரு கட்டளையையும் தானாக உறுதிசெய்யும் ஆட்டோகமிட்டை ட்ரூ ஆக்கிவிட்டுக் கூப்பிடுங்கள். எல்லா அறைகளும் ஒன்றாக முடிய வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் கமிட்டை நீக்குவதே மேல்; பாதி அறைக்கு பில் போட்டுப் பாதியில் நின்றால் காலையில் வரவேற்பில் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

கேள்வி: தேவகோட்டைப் பலகாரக் கடை. டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர், டிரைவர் பைஓடிபிசி. ஆர்டர் பதியும் புரொசீஜர் பிழையில்லாமல் ஓடுகிறது. டேபிளில் பார்த்தால் சீப்புச் சீடை ஆர்டரும் இல்லை, தேன்குழல் ஆர்டரும் இல்லை. ஆச்சி தினமும் கேட்கிறார்கள்.

பதில்: கமிட் போடவில்லை. பைஓடிபிசியில் ஆட்டோகமிட் இயல்பாக அணைந்திருக்கும். கமிட் இல்லாமல் இணைப்பை மூடினால் அத்தனையும் ரோல்பேக், அதாவது ரத்து. இதில் கால்ப்ராக்கும் கிடையாது, அவுட்புட் பாராமீட்டரை நேராக வாங்கவும் முடியாது. ஆர்டர் எண் வேண்டுமானால் டிக்ளேர், எக்ஸெக், செலக்ட் மூன்றையும் ஒரே எக்ஸிகியூட்டில் அனுப்புங்கள். புரொசீஜரின் தலையில் 'செட் நோகவுண்ட் ஆன்' இருக்கட்டும். இல்லையென்றால் இன்செர்ட் பாதித்த வரி எண்ணிக்கை முதலில் வந்து நிற்கும், ஃபெட்ச் செய்யும்போது 'நோ ரிசல்ட்ஸ்' என்று கைவிரிக்கும்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கும் சின்னக் கடை. எஸ்க்யூலைட்டில் ஸ்டோர்டு புரொசீஜர் எழுதுவது எப்படி?

பதில்: எஸ்க்யூலைட்டில் அது கிடையாது. தள்ளுபடிக் கணக்கு மாதிரி வேலைக்குப் பைத்தான் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, கிரியேட்_ஃபங்ஷன் மூலம் பதிவுசெய்து கொரியிலேயே கூப்பிடலாம். அது டேட்டாபேஸ் கோப்பில் சேமிக்கப்படாது. இணைப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பப் பதிய வேண்டும்.